மெதுவாக நகரும் ஜப்பானியக் குற்ற நாவலில் ஏமாந்துபோனவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பின்னட்டையில் 7 வயதுச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்ட வழக்கு, 14 வருடமாகப் பிடிபடாத குற்றவாளி என்று எழுதியிருக்கிறது. ஆசையாக வாங்கிப் பிரிக்கிறோம். நூறு பக்கம் போன பிறகும் ஒரு போலீஸ் அதிகாரி நிருபர்களோடு உட்கார்ந்து, சாலை விபத்து ஒன்றில் சம்பந்தப்பட்ட கர்ப்பிணிப் பெண்ணின் பெயரை வெளியே சொல்லலாமா கூடாதா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். கடத்தல்காரன் எங்கே, துப்பு எங்கே என்று தேடித் தேடி அலுத்துப் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

ஹிதேயோ யோகொயாமாவின் 'சிக்ஸ் ஃபோர்' நாவலைக் கையில் எடுக்கும் பலருக்கு இதுதான் நடக்கிறது. ஜப்பானில் 2012-ல் வந்து, 2016-ல் ஆங்கிலத்துக்குப் போன, 600 பக்கத்தைத் தாண்டும் புத்தகம் அது. சேய்ச்சோ மத்சுமோட்டோவையோ மியுகி மியாபேயையோ முதல்முறை படிக்கிறவர்களும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

இந்த ஏமாற்றம் பொய்யில்லை. ஆனால் 'மெதுவாக இருக்கிறது' என்ற ஒரே புகாருக்குள் நாலைந்து வேறு வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. சிலவற்றுக்குச் சுலபமான வழி உண்டு, சிலவற்றுக்குப் புத்தகத்தைக் கீழே வைப்பதுதான் வழி. எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. எந்தக் கதையின் முடிவையும் இதில் உடைக்கவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

முதல் வேலை: எந்த இடத்தில் நின்றீர்கள் என்று பாருங்கள்

நிறுத்திய பக்கத்துக்குத் திரும்பிப் போய், அதற்கு முந்தைய பத்துப் பக்கத்தை மட்டும் மறுபடி புரட்டுங்கள். யார் யார் என்று தெரியாமல் குழம்பினீர்களா? அலுவலகச் சண்டை எதற்காக என்று புரியவில்லையா? ஏற்கெனவே சொன்னதையே திரும்பச் சொல்வதாக எரிச்சல் வந்ததா? இல்லை, எல்லாம் புரிந்தும் 'இதில் எனக்கென்ன' என்று இருந்ததா?

முதல் மூன்றுக்கும் கீழே மருந்து இருக்கிறது. நாலாவது உங்கள் ரசனை. அதோடு யாரும் வாதாட முடியாது. ஆனால் நாலாவது என்று நினைத்தது உண்மையில் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆட்கள் யாரென்று பிடிபடாதபோது அவர்கள்மேல் அக்கறை எப்படி வரும்?

நமக்குக் கூடுதலாக ஒரு சங்கடமும் இருக்கிறது. ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்று மாத நாவல் படித்து வளர்ந்தவர்கள் நாம். பஸ் ஏறும்போது வாங்கி இறங்குவதற்குள் முடித்துவிடும் கதைகள் அவை. முதல் அத்தியாயத்திலேயே பிணம் விழும், ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கிடலோடு முடியும். அந்தப் பழக்கத்தோடு 600 பக்க நாவலுக்குள் நுழைந்தால் மூச்சு முட்டத்தான் செய்யும்.

இரண்டாவது: கையில் இருப்பது எந்த வகை?

இதைப் புத்தகத்தை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஜப்பானியக் குற்ற எழுத்து ஒரே மாதிரியானது அல்ல. அதில் பெரிய பிரிவு ஒன்று இருக்கிறது.

ஒரு பக்கம் 'ஹொன்காகு' என்று அவர்கள் சொல்லும் புதிர்க் கதைகள். பூட்டிய அறை, தனித்தீவு, வினோதமான வீடு, எல்லாத் துப்பையும் வாசகர் முன்னால் வைத்துவிட்டு 'கண்டுபிடி பார்க்கலாம்' என்று சவால் விடும் எழுத்து. எடோகாவா ராம்போ 1923-ல் தன் முதல் சிறுகதையோடு பாதை போட்டார். போர் முடிந்த கையோடு, 1946-ல், செய்ஷி யோகொமிசோ 'ஹொன்ஜின் கொலைகள்' நாவலில் கிந்தாய்ச்சி என்ற துப்பறிவாளரைக் கொண்டுவந்தார். இந்த வகைக்கு நடுவில் மவுசு குறைந்து, 1987-ல் யுகிட்டோ அயாட்சுஜியின் 'டெக்ககன் ஹவுஸ் மர்டர்ஸ்' வந்தபோது மறுபடி சூடு பிடித்தது.

இன்னொரு பக்கம் 'ஷகாய்-ஹா', அதாவது சமூகப் பிரிவு. 1950-களின் கடைசியில் மத்சுமோட்டோவோடு இது எழுந்தது. ஊழல், கடன், வறுமை, சாதாரணக் குடும்பத்தின் அவமானம், அலுவலகங்களின் அழுத்தம் என்று குற்றம் எங்கிருந்து முளைக்கிறது என்பதில்தான் இதற்கு அக்கறை. துப்பறிகிறவர் மேதாவி இல்லை. கால் தேய நடந்து, கதவு கதவாகத் தட்டும் நடுத்தர வயது போலீஸ்காரர். மியாபே, யோகொயாமா இருவரும் இந்த மரபில் வருகிறவர்கள்.

ஏமாற்றம் பெரும்பாலும் எங்கே வருகிறதென்றால், முதல் வகையை எதிர்பார்த்து இரண்டாவது வகையை வாங்கும்போதுதான். பதிப்பாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அட்டையில் ரத்தத் துளியும் சிவப்பு வட்டமும் போட்டு, 'விறுவிறுப்பின் உச்சம்' என்று அச்சடித்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பதோ ஒரு மனிதர் தன் அலுவலகத்தோடு நடத்தும் நீண்ட போராட்டம். அட்டையை விட்டுவிடுங்கள், ஆசிரியர் பெயரையும் முதலில் வெளிவந்த ஆண்டையும் பாருங்கள். இந்த இரண்டை வைத்தே வகையை ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஒருவரே இரண்டு வகையிலும் எழுதுவதும் உண்டு. கேய்கோ ஹிகாஷினோவின் ஒரு நாவலை ஒரே இரவில் முடித்துவிட்டு, அதே வேகத்தை நம்பி அவருடைய 'ஜர்னி அண்டர் த மிட்நைட் சன்' நாவலை எடுத்தவர்கள் திணறிப்போவார்கள். 1973-ல் ஒசாகாவில் பாழடைந்த கட்டடம் ஒன்றில் அடகுக்கடைக்காரர் ஒருவரின் உடல் கிடைக்கிறது. அங்கே தொடங்கும் கதை கிட்டத்தட்ட இருபது ஆண்டு நீள்கிறது. நடுவில் இருக்கும் இரண்டு பேரின் மனதுக்குள் ஆசிரியர் ஒருமுறைகூட நுழைவதில்லை. சுற்றியிருப்பவர்கள் பார்த்ததை மட்டும் வைத்து நாம்தான் கோத்துக்கொள்ள வேண்டும். அற்புதமான நாவல், ஆனால் ஹிகாஷினோவில் முதலில் எடுக்க வேண்டியது அது இல்லை.

மூன்றாவது: ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள்

இது சின்ன வேலைதான், ஆனால் பாதிப் பேரின் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

'சிக்ஸ் ஃபோர்' நாவலையே பாருங்கள். கதாநாயகர் மிகாமி. அவர் மனைவி மினாகோ. அவருடைய அலுவலகத்தில் வேலை செய்யும் இளம்பெண் மிகுமோ. குற்றப் புலனாய்வில் பெரிய தலை மட்சுவோகா. இறந்த சிறுமியின் அப்பா அமாமியா. நிர்வாகத் தலைவர் அகாமா. நிருபர்களின் தலைவன் போல நடந்துகொள்பவன் அகிகாவா. மிகாமியின் காணாமல் போன மகள் அயுமி. குற்றப் பிரிவின் தலைவர் அராகிடா. நாலு 'ம', ஐந்து 'அ'. ஜப்பானிய எழுத்தில் ஒவ்வொரு பெயருக்கும் கண்ணுக்குத் தனியாகத் தெரியும் சித்திர எழுத்துகள் இருப்பதால் அந்த ஊர் வாசகருக்கு இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. நமக்கு ஒலி மட்டும்தான் கிடைக்கிறது.

அதனால் ஒரு தாளை எடுத்து, பெயர், அவர் எந்தப் பக்கம், யாருக்குக் கீழே என்று மூன்று விஷயம் மட்டும் குறியுங்கள். குணம், வயதெல்லாம் வேண்டாம். முதல் 80 பக்கம் வரை குறித்தால் போதும், அப்புறம் தாளைத் தொடவே வேண்டியிருக்காது. சில பதிப்புகளில் முன்பக்கத்திலேயே பட்டியல் இருக்கும். இருந்தாலும் கையால் எழுதுவது மனதில் தங்கும். கிண்டிலில் படிக்கிறவர்கள் பெயரைத் தேடிப் பார்க்கும் வசதியை அளவாகப் பயன்படுத்துங்கள். பின்னால் அந்தப் பெயர் எங்கெங்கே வருகிறது என்று தெரிந்தாலே சில நாவல்களில் குட்டு உடைந்துவிடும்.

இன்னொன்று: ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ஆங்கிலப் பதிப்புகள் சில இதைத் திருப்பிப் போடும், சில போடாது. புத்தகம் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்று முதல் அத்தியாயத்திலேயே பார்த்துக்கொண்டால் ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணும் தொல்லை இருக்காது.

நாலாவது: அலுவலகத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். மெதுவாகத் தோன்றும் போலீஸ் நாவல்களில் உண்மையான மோதல் இங்கேதான் இருக்கிறது.

ஜப்பானில் 47 மாகாணங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் காவல்துறை. எல்லாவற்றுக்கும் மேலே டோக்கியோவில் தேசியக் காவல் முகமை. மத்திய அரசுத் தேர்வு எழுதி நேரடியாக அதிகாரியானவர்களை டோக்கியோ மாகாணங்களுக்கு அனுப்புகிறது. அவர்கள் இரண்டு மூன்று வருடம் உயர் பதவியில் இருந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். காவலராகச் சேர்ந்து படிப்படியாக ஏறிய உள்ளூர்க்காரருக்கு அந்த உச்சிப் பதவிகள் அநேகமாகக் கிடைக்காது. ஐபிஎஸ் அதிகாரிக்கும், எஸ்.ஐ. ஆகச் சேர்ந்து முப்பது வருடம் அதே மாவட்டத்தில் உழைத்தவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நினைத்துக்கொள்ளுங்கள், அது நமக்குத் தெரிந்த சங்கதிதான்.

இதோடு இன்னொரு பிளவு. உள்ளூர்க் காவல்துறைக்குள்ளேயே நிர்வாகப் பிரிவு ஒரு பக்கம், குற்றப் புலனாய்வுப் பிரிவு இன்னொரு பக்கம். மிகாமி இயல்பில் ஒரு துப்பறிவாளர். விருப்பமில்லாமல் நிர்வாகத்தின் கீழே வரும் பத்திரிகைத் தொடர்பு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறார். பழைய நண்பர்கள் அவரை வேவு பார்க்க வந்தவராகப் பார்க்கிறார்கள், புதிய மேலதிகாரி அவரை நம்புவதில்லை. இதைப் பிடித்துக்கொண்டால், அவர் ஒரு கதவைத் தட்டுவதும், ஒருவர் டீ கொடுக்காமல் திருப்பி அனுப்புவதும்கூட பதற்றமான காட்சிகள் ஆகிவிடும்.

அடுத்தது நிருபர் மன்றம். ஜப்பானில் அமைச்சகங்கள், காவல் தலைமையகங்கள் போன்ற இடங்களில் பெரிய பத்திரிகைகள், தொலைக்காட்சிகளின் நிருபர்களுக்கென்று ஒரு அறையே இருக்கும். செய்தி அவர்களுக்குக் கூட்டமாகக் கிடைக்கும். மன்றத்தில் இல்லாதவர்களுக்குக் கிடைப்பது கடினம். காவல்துறைக்கும் அவர்களுக்கும் தினசரி கொடுக்கல் வாங்கல். அதனால் ஒரு விபத்தில் பெயரை மறைப்பது சின்ன விஷயமாக முடியாது. 'இன்று இதை மறைத்தால் நாளை எதை மறைப்பாய்' என்று நிருபர்கள் கேட்கிறார்கள், டோக்கியோவிலிருந்து வரப்போகும் உயரதிகாரியின் வருகையைப் புறக்கணிப்போம் என்று மிரட்டுகிறார்கள். யோகொயாமா 12 ஆண்டு ஒரு வட்டாரப் பத்திரிகையில் நிருபராக இருந்தவர். இந்த அறையின் காற்றை அவர் சுவாசித்திருக்கிறார் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரியும்.

அந்த உயரதிகாரி ஏன் வருகிறார்? இதற்கும் ஒரு சட்ட விவரம் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் ஜப்பானில் கொலைக்கே 15 ஆண்டுக் காலக்கெடு இருந்தது. அதற்குள் வழக்குத் தொடரவில்லை என்றால் கொலைகாரனை ஒன்றும் செய்ய முடியாது. 2005-ல் இதை 25 ஆண்டாக நீட்டினார்கள், 2010-ல் கொலைக்குக் காலக்கெடுவையே எடுத்துவிட்டார்கள். நாவல் நடப்பது அதற்கெல்லாம் முன்பு. சக்கரவர்த்தியின் ஆட்சியை வைத்து ஆண்டை எண்ணும் ஜப்பானிய முறைப்படி, குற்றம் நடந்தது ஷோவா சக்கரவர்த்தியின் 64-ஆம் ஆண்டில். 1989 ஜனவரி 1-ல் தொடங்கி, அவர் இறந்த 7-ஆம் தேதியோடு முடிந்துபோன, ஒரே வாரம் மட்டும் இருந்த ஆண்டு அது. நாவலின் பெயரும் அதிலிருந்துதான். இப்போது 14 வருடம் ஓடிவிட்டது, மீதி ஒரு வருடம், அதனால்தான் அந்த வருகை. அப்படிப் பார்த்தால், பெயரை வெளியிடும் சண்டையின் அடியில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆசிரியர் அதை உரக்கச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மியாபேயின் 'ஆல் ஷீ வாஸ் வொர்த்' நாவலிலும் இதே கதைதான். காலில் அடிபட்டு விடுப்பில் இருக்கும் போலீஸ்காரரிடம், உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து தனக்கு நிச்சயமான பெண்ணைக் காணவில்லை என்கிறான். அவளுக்குக் கடன் அட்டை மறுக்கப்பட்டிருக்கிறது, காரணம் பழைய திவால். நடுவில் ஒரு வழக்கறிஞர் கடன் அட்டையும் தனியார் கடனும் சாதாரண மனிதர்களை எப்படி மூழ்கடிக்கின்றன என்று பக்கம் பக்கமாக விளக்குகிறார். வேகம் தேடுகிறவர் அங்கேதான் மூடுவார். 1992-ல், சொத்து விலைகளெல்லாம் ஊதிப் பெருத்து வெடித்த கையோடு வந்த நாவல் அது. அந்த விளக்கம்தான் குற்றத்தின் ஆணிவேர். கைபேசிச் செயலியில் கடன் வாங்கி மானம் போன குடும்பங்களைப் பற்றிச் செய்தி படித்திருக்கும் நமக்கு, அந்தப் பக்கங்கள் சலிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஐந்தாவது: கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

'யார் செய்தது' என்ற கேள்வியோடு மட்டும் படித்தால் பல ஜப்பானிய நாவல்கள் பாதியிலேயே முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஹிகாஷினோவின் 'டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலில் கொலை தொடக்கத்திலேயே நம் கண்ணெதிரே நடக்கிறது. யார், எதற்காக என்று எல்லாம் தெரியும். அப்புறமும் கடைசிப் பக்கம் வரை விட முடியாது. 2005-ல் வந்த அந்த நாவலுக்கு நவோகி பரிசு கிடைத்தது. அவருடைய 'மேலிஸ்' நாவலிலும் ஆள் யார் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும், ஏன் என்பதற்குத்தான் மீதிப் பக்கங்கள்.

இந்த 'ஏன்' மீது இவ்வளவு பிடிப்பு எப்படி வந்தது? அந்த நாட்டு நீதிமுறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கைதானவரைக் குற்றப்பத்திரிகைக்கு முன்பே 23 நாள் வரை காவலில் வைத்து விசாரிக்கலாம். வழக்குக்குப் போனால் 99 சதவீதத்துக்கும் மேல் தண்டனைதான். ஜெயிப்போம் என்று உறுதியானால் மட்டுமே அரசு வழக்கறிஞர்கள் வழக்குப் போடுகிறார்கள். அதனால் நம் சினிமாவில் வருவதுபோல நீதிமன்ற வாக்குவாதம் கதையின் உச்சமாக அமைவது அங்கே குறைவு. விசாரணை அறையில் ஒருவர் மனம் திறந்து சொல்லும் வாக்குமூலம்தான் உச்சம். அந்த வாக்குமூலம் நம்பும்படி இருக்க வேண்டுமானால் ஒரு வாழ்க்கையையே முன்னால் அடுக்கிக் காட்ட வேண்டும். நாவல் அந்த வேலையைத்தான் நிதானமாகச் செய்கிறது.

ஆகவே ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் 'துப்பு என்ன கிடைத்தது' என்று கேட்பதற்குப் பதில் 'யார் யாரிடம் எதை மறைத்தார்' என்று கேட்டுப் பாருங்கள். எதுவுமே நடக்காததாகத் தோன்றிய அத்தியாயங்களில் எவ்வளவு நடந்திருக்கிறது என்று தெரியும். 'சிக்ஸ் ஃபோர்' நாவலில் முன்பாதியில் மறைத்துவைத்த ஒவ்வொன்றுக்கும் கடைசிக் கால் பகுதியில் கணக்குத் தீர்கிறது. அந்தப் பகுதி பிசாசு வேகத்தில் ஓடும், ஆனால் முன்னால் உள்ள மெத்தனத்தைத் தாண்டாதவருக்கு அந்த வேகம் கிடைக்காது. அவசரப்பட்டுக் கடைசிக்குத் தாவினால் அங்கே நடப்பது எதுவும் உறைக்காது.

ஆறாவது: படிக்கும் முறை

தொடர்கதையாக வந்த நாவலா என்று பாருங்கள். மத்சுமோட்டோவின் 'இன்ஸ்பெக்டர் இமானிஷி' 1960, 61-ல் ஒரு நாளிதழின் மாலைப் பதிப்பில் தினம் தினம் கொஞ்சமாக வந்தது. டோக்கியோவில் கமாட்டா ரயில் முனையத்தில் ஒரு பிணம், முந்தின இரவு பக்கத்து மதுக்கடையில் வடகிழக்கு வட்டார வழக்குப் போல ஒலித்த பேச்சு, 'கமேடா' என்று காதில் விழுந்த ஒரு சொல். இவ்வளவுதான் கையில். இமானிஷி அதை எடுத்துக்கொண்டு ரயிலில் ஊர் ஊராகப் போகிறார், நடுவில் ஹைக்கூ எழுதுகிறார், சந்தையில் போன்சாய்ச் செடி பார்க்கிறார். விசாரணைக் குழுவையே கலைத்துவிடுகிறார்கள், அவர் விடுவதில்லை. தெரிந்ததையே சக போலீஸ்காரரிடமும் தனக்குத்தானேயும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறார்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்த நமக்கு இதன் காரணம் எளிதில் புரியும். நேற்றைய பகுதியைத் தவறவிட்டவருக்காகவும் எழுதப்பட்டது அது. ஒரே மூச்சில் 150 பக்கம் படித்தால் அந்தத் திருப்பிச் சொல்லல் எரிச்சலூட்டும். தினம் 20, 25 பக்கம் என்று படித்தால் அதே பகுதி உதவியாக மாறிவிடும். இந்த வகை நாவலை ராத்திரி தூங்கும் முன் கொஞ்சமாகப் படிப்பதுதான் சரியான அளவு என்பது என் கட்சி.

பக்கத்தில் ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள். மத்சுமோட்டோவுக்கு இது ரொம்ப முக்கியம். ஊர்களுக்கு நடுவில் உள்ள தூரமும் ரயில் எடுத்துக்கொள்ளும் நேரமும் கதையின் பகுதிகள். வடகிழக்கில் இருக்கும் அகிதா எங்கே, டோக்கியோ எங்கே என்று ஒரு முறை பார்த்துவிட்டால், ஒரு வட்டார வழக்கைத் தேடி ஒருவர் இரவெல்லாம் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து போவதன் கனம் தெரியும்.

தாவிப் படிக்கலாமா? திருப்பிச் சொல்லும் பகுதிகளில் கண்ணை ஓட்டலாம், தப்பில்லை. உரையாடலைத் தாவாதீர்கள். இந்த நாவல்களில் உண்மை பெரும்பாலும் மரியாதையான பேச்சுக்கு நடுவில், பாதியில் நின்றுபோன ஒரு வாக்கியத்தில் இருக்கும்.

எப்போது விட்டுவிடலாம்

600 பக்க நாவலுக்கு 120 பக்கம் வரை கொடுங்கள், 250 பக்க நாவலுக்கு 60. பெயர்த்தாள் எழுதியும், அலுவலகம் புரிந்தும், ஒரு பாத்திரம்கூட உங்களைத் தொடவில்லை என்றால் தாராளமாக விடுங்கள். பரிசு வாங்கியது, லட்சக்கணக்கில் விற்றது என்பதெல்லாம் உங்கள் இரண்டு வாரத்தை வாங்கிக்கொள்ள உரிமை தராது.

உண்மையான குறைகளும் இருக்கின்றன, அவற்றை 'கலாச்சார வித்தியாசம்' என்று மூடி மறைக்க வேண்டியதில்லை. 'இன்ஸ்பெக்டர் இமானிஷி'யில் தற்செயல் ரொம்பவே அதிகம். தேடும் விஷயம் தானாக அவர் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும் இடங்கள் உண்டு. 'சிக்ஸ் ஃபோர்' நாவலில் மிகாமி தன் மனதுக்குள் ஒரே சந்தேகத்தை உருட்டிக்கொண்டிருக்கும் பக்கங்களில் நூறையாவது குறைத்திருக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் சலித்தால் அது உங்கள் பொறுமைக் குறைவு அல்ல. 'ஆல் ஷீ வாஸ் வொர்த்' முடியும் இடமும் பலரைக் கோபப்படுத்தும், எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த முடிவு மிகச் சரியான இடத்தில் நின்றதாகத்தான் படுகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர் எந்த வரிசையில் போகலாம்

கனமானதிலிருந்து தொடங்கியதுதான் பலரின் பிரச்சினை. மத்சுமோட்டோவின் 'பாயிண்ட்ஸ் அண்ட் லைன்ஸ்' நாவலை முதலில் எடுங்கள். 1957, 58-ல் ஒரு பயண இதழில் தொடராக வந்தது. 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்ற பெயரிலும் கிடைக்கிறது. இருநூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஃபுகுவோகா பக்கம் கஷீ கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் இறந்துகிடக்கிறார்கள். காதலர் தற்கொலை என்று எல்லோரும் முடிவுகட்டும்போது, வயதான உள்ளூர்த் துப்பறிவாளர் ஒருவருக்கு ரயில் உணவுப் பெட்டியின் ரசீது ஒன்று உறுத்துகிறது: அது ஒரே ஒருவருக்கான ரசீது. அப்புறம் டோக்கியோ நிலையத்தின் 13-ஆம் நடைமேடையிலிருந்து 15-ஆம் நடைமேடை ரயிலைப் பார்க்க முடியும் அந்த நாலே நிமிடம். புதிரும் இருக்கிறது, சமூகமும் இருக்கிறது, நிதானமும் பழகிவிடும்.

அடுத்து ஹிகாஷினோவின் 'மேலிஸ்' அல்லது 'சஸ்பெக்ட் எக்ஸ்'. 'ஏன்' என்ற கேள்வியோடு படிக்கப் பழக இவற்றை விட நல்ல இடம் இல்லை. சுஜாய் கோஷின் இந்திப் படம் 'ஜானே ஜான்' பார்த்தவர்கள் 'மேலிஸ்' பக்கம் போங்கள், ஏனென்றால் அந்தப் படம் 'சஸ்பெக்ட் எக்ஸ்' கதையிலிருந்து வந்தது. அப்புறம் மியாபே. அதன் பிறகு 'இமானிஷி', 'மிட்நைட் சன்', கடைசியில் 'சிக்ஸ் ஃபோர்'. நட்சுவோ கிரினோவின் 'அவுட்' நாவலை இந்த வரிசையில் எங்கே வேண்டுமானாலும் செருகலாம். சாப்பாட்டுப் பெட்டித் தொழிற்சாலையில் இரவுப் பணி பார்க்கும் பெண்களின் கதை, வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் ரத்தமும் வன்முறையும் அதிகம், மனதைத் தயார்செய்துகொண்டு எடுங்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் 'எனக்குப் புதிர்தான் வேண்டும்' என்றால் நேராக அயாட்சுஜிக்கோ, சோஜி ஷிமாடாவின் 'டோக்கியோ சோடியாக் மர்டர்ஸ்' நாவலுக்கோ போங்கள். 1981-ல் வந்த ஷிமாடாவின் நாவலில் ஆசிரியரே நடுவில் நின்று, 'எல்லாத் துப்பும் உங்களிடம் இருக்கிறது' என்று வாசகருக்குச் சவால் விடுவார். அது இன்னொரு விதமான சந்தோஷம், அதில் எந்தக் குறைவும் இல்லை.

ஏற்கெனவே 'சிக்ஸ் ஃபோர்' நாவலைப் பாதியில் விட்டு, மறுபடி எடுக்க நினைக்கிறவர்கள் விட்ட பக்கத்திலிருந்து தொடர வேண்டாம். முதல் அத்தியாயத்திலிருந்தே வாருங்கள். மிகாமியும் மினாகோவும் பனியில் பயணம் செய்து, அடையாளம் தெரியாத ஒரு பெண்ணின் உடல் தங்கள் மகளுடையதா என்று பார்க்கப் போகிறார்கள். அந்தப் பெற்றோரையும் 14 வருடமாகக் காத்திருக்கும் அமாமியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள். நிருபர் மன்றச் சண்டை வரும்போது இந்த முறை தாள் கையில் இருக்கும், யார் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும். ஃபுதாவதாரி என்ற நிர்வாக அதிகாரி பழைய போலீஸ்காரர்களின் வீடு வீடாகப் போய் ஒரு குறிப்பைப் பற்றி விசாரிக்கிறார் என்று தெரியவரும் இடத்தை அடைந்துவிட்டால், அதற்குமேல் புத்தகமே உங்களை இழுத்துக்கொண்டு போகும்.